தழும்பை உருவாக்கி, தானே கரைக்கும் மீன் இதயம்: மாரடைப்பு ஆய்வுக்கு வரிக்குதிரை மீன் தரும் பாடம் என்ன?

புது டெல்லி: மாரடைப்பில் இருந்து உயிர் தப்பிய ஒருவரின் இதயத்தில், இறந்துபோன தசையின் இடத்தை ஒரு தழும்பு நிரப்புகிறது. அந்தத் தழும்பு சுருங்கி விரியாது; ரத்தத்தை உந்தித் தள்ளாது; வாழ்நாள் முழுவதும் அகலாது. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும், சில சென்டிமீட்டர் நீளமே உடைய வரிக்குதிரை மீனின் இதயத்திலும் காயத்துக்குப் பின் இதேபோன்ற தழும்பு உருவாகிறது. ஆனால், அடுத்த சில மாதங்களில் அது படிப்படியாகக் கரைந்து, அந்த இடத்தில் துடிக்கும் புதிய தசை வளர்ந்துவிடுகிறது.

இந்த மீன் தழும்பை எப்படி உருவாக்குகிறது, எப்போது நிறுத்துகிறது, எவ்வாறு அகற்றுகிறது என்ற கேள்விகளை ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா ஆகிய இடங்களின் ஆய்வகங்கள் கடந்த 20 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. தழும்பு என்பது முற்றிலும் தீங்கானது என்ற பொதுவான எண்ணத்தை இந்த ஆய்வுகளின் முடிவுகள் மாற்றியுள்ளன.

மனித இதயத்தில் தழும்பு நிலைப்பது ஏன்?

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் இதய, ரத்தநாள நோய்களால் உலகம் முழுவதும் சுமார் 1.79 கோடி பேர் உயிரிழந்தனர். இந்தியாவிலும் உயிரிழப்புகளுக்கான முதன்மைக் காரணமாக இந்நோய்களே உள்ளன.

இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபடும்போது, அதை நம்பியிருக்கும் தசைச் செல்கள் பிராணவாயு இன்றி இறக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி அளவிலான இதயத் தசைச் செல்கள் அழியக்கூடும் என மதிப்பிடப்படுகிறது. அவற்றை ஈடுசெய்யும் திறன் மனித இதயத்துக்கு மிகக் குறைவு. கடந்த நூற்றாண்டின் அணுகுண்டு சோதனைகளால் வளிமண்டலத்தில் கலந்த கார்பன்-14 அளவைக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்களே புதிதாகின்றன. 75 வயதில் அது அரை சதவீதத்துக்கும் கீழே குறைந்துவிடுகிறது.

எனவே, இறந்த தசையின் இடத்தை உடல் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தால் அடைக்கிறது. இது அவசரகாலத் தடுப்புச் சுவர் போன்றது. அது உருவாகாவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் எழும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் வலுவிழந்த இதயச் சுவர் கிழிந்துவிடும் அபாயம் உண்டு. உயிரைக் காக்கும் அதே தழும்புதான் பின்னாளில் சுமையாகவும் மாறுகிறது. எஞ்சிய தசை கூடுதல் வேலை செய்ய நேரிடுகிறது. இதய அறை விரிவடைகிறது. மின் துடிப்புகளின் பாதை தடைபட்டு, சீரற்ற இதயத் துடிப்பு தோன்றலாம். பலருக்கு இது இதயச் செயலிழப்பில் முடிகிறது.

கங்கைப் படுகையில் இருந்து ஆய்வகத்துக்கு

வரிக்குதிரை மீனை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் ஸ்காட்லாந்து மருத்துவரும் இயற்கையியலாளருமான பிரான்சிஸ் ஹாமில்டன். கங்கை ஆற்றின் மீன்களைப் பற்றி அவர் 1822-இல் வெளியிட்ட நூலில் இந்த மீன் இடம்பெற்றது. உடலில் நீளவாக்கில் ஓடும் நீலக் கோடுகளே அதன் பெயருக்குக் காரணம். வீட்டு மீன் தொட்டிகளில் எளிதாக வளரும் இம்மீன், இன்று உலகின் முக்கிய ஆய்வு உயிரினங்களுள் ஒன்று. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணையான மரபணு குறைந்தது ஒன்றாவது இம்மீனில் இருப்பதாக 2013-இல் வெளியான மரபணுத்தொகுப்பு ஆய்வு தெரிவித்தது.

இதன் இதயம் எளிய அமைப்புடையது. மனித இதயத்துக்கு நான்கு அறைகள். மீனுக்கு ஒரு மேலறையும் ஒரு கீழறையும் மட்டுமே. 2002-இல் கென்னத் பாஸ், லிண்ட்சே வில்சன், மார்க் கீட்டிங் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு திருப்புமுனையாக அமைந்தது. முதிர்ந்த மீனின் கீழறையில் சுமார் 20 சதவீதத்தை அவர்கள் வெட்டி நீக்கினர். இரண்டு மாதங்களில் அந்தப் பகுதி மீண்டும் வளர்ந்தது.

புதிய தசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் விடையளித்தன. குருத்தணுக்களில் இருந்து அது தோன்றவில்லை. காயத்தின் அருகே உயிருடன் எஞ்சியிருக்கும் தசைச் செல்களே தங்கள் முதிர்ந்த நிலையில் இருந்து சற்றுப் பின்வாங்கி, மீண்டும் பிரிந்து பெருகுகின்றன.

உறைகாயம் காட்டிய உண்மை

கீழறையை வெட்டி நீக்கும் முறையில் ஒரு குறை இருந்தது. மாரடைப்பில் தசை வெட்டப்படுவதில்லை; இறந்த திசு அங்கேயே தங்கிவிடுகிறது. வெட்டுக்காயத்தில் இறந்த திசு மிகக் குறைவு என்பதால், குறிப்பிடத்தக்க தழும்பும் உருவாகவில்லை. இதனால், இந்த மீன் தழும்பின்றிக் குணமடைகிறது என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது.

2011-இல் ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று குழுக்கள் தனித்தனியே வேறொரு முறையைக் கையாண்டன. கடுங்குளிரூட்டப்பட்ட மெல்லிய உலோக முனையால் மீனின் கீழறையை ஒருசில நொடிகள் தொட்டு, அந்தப் பகுதித் தசையை உறையச் செய்தனர். செல்கள் இறந்தன, ஆனால் இறந்த திசு இடத்திலேயே இருந்தது. இது மாரடைப்புக்கு நெருக்கமான நிலை.

மூன்று குழுக்களும் கண்டது ஒன்றே. முதலில் அழற்சி ஏற்பட்டது. பின்னர் ஃபைப்ரின் என்ற ரத்த உறைவுப் புரதமும் கொலாஜனும் சேர்ந்து தெளிவான தழும்பு உருவானது. அடுத்தடுத்த வாரங்களில் தழும்பின் ஓரத்தில் இருந்து புதிய தசை உள்நோக்கி வளர, தழும்பு சுருங்கியது. சில மாதங்களில் பெரும்பாலான மீன்களில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதனால், மனித இதயத்துக்கும் மீன் இதயத்துக்கும் உள்ள வேறுபாடு, தழும்பு தோன்றுவதில் அல்ல. அது நீங்குவதில்தான் என்பது உறுதியானது.

தழும்பைத் தடுத்தால் என்ன ஆகும்?

தழும்பு புதிய தசையின் வளர்ச்சிக்குத் தடை என்றால், அதை முன்கூட்டியே தடுப்பது பலன் தர வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாபியான் ஷாப்லே, அன்னா யாஸ்வின்ஸ்கா ஆகியோர் இதைச் சோதித்தனர். திசுக்களில் கொலாஜன் படிவைத் தூண்டும் முக்கியச் சமிக்ஞை டி.ஜி.எஃப்-பீட்டா. அதை ஒரு வேதிப்பொருளால் தடுத்தபோது, எதிர்பார்த்தபடி தழும்பு உருவாவது குறைந்தது. ஆனால், இதயம் விரைவாகக் குணமடையவில்லை. மாறாக, கீழறைச் சுவர் உருக்குலைந்தது. தசைச் செல்களின் பெருக்கமும் தடைபட்டது. 2012-இல் வெளியான இந்த முடிவு, தழும்பும் புதுவளர்ச்சியும் எதிரிகள் அல்ல, ஒரே செயல்பாட்டின் இரு பகுதிகள் என்பதை உணர்த்தியது.

இதே எச்சரிக்கை பாலூட்டிகளிலும் வெளிப்பட்டுள்ளது. மாரடைப்பு ஏற்படுத்தப்பட்ட சுண்டெலிகளில் டி.ஜி.எஃப்-பீட்டா சமிக்ஞையைத் தடுத்தபோது, இதய அறை கூடுதலாக விரிவடைந்து இறப்பு அதிகரித்ததாக 2008-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

மறுபுறம், தழும்பு மிகையாகப் படிவதும் மீனுக்கு நன்மை அல்ல. ரன்எக்ஸ்1 என்ற மரபணு செயலிழந்த மீன்களை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் ஆராய்ந்தனர். அவற்றில் கொலாஜனும் ஃபைப்ரினும் குறைவாகப் படிந்தன. தசைச் செல்கள் கூடுதலாகப் பெருகின. இயல்பான மீனின் இதயத்திலேயே வளர்ச்சிக்கு ஓரளவு 'பிரேக்' போடும் ஏற்பாடு உள்ளது என்பதை இது காட்டுகிறது.

முதல் ஆய்வு அடிப்படைச் சமிக்ஞையை முழுமையாக அடைத்தது. இரண்டாவது ஆய்வு படிவின் அளவைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எவ்வளவு தழும்பு, எந்தக் கட்டத்தில், எந்தச் செல்களால் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது புலனாகும்.

தழும்பை இடும் செல்கள் எவை?

கொலாஜனைச் சுரப்பதில் முதன்மையானவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்கள். காயத்துக்கு முன் இவை பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. காயம் ஏற்பட்டதும், இதயத்தின் வெளியுறையில் இருந்தும் உள்ளுறையில் இருந்தும் தோன்றும் இச்செல்கள் விழித்தெழுந்து கொலாஜனைச் சுரக்கத் தொடங்குகின்றன.

பெர்லினைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே வாசிக்கும் தொழில்நுட்பத்தின் மூலம் 2022-இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஒரு விரிவான வரைபடத்தை வெளியிட்டது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஒரே வகையினவாக இல்லை. காயத்துக்குப் பின் குறுகிய காலம் மட்டுமே தோன்றி மறையும் சில நிலைகள் அவற்றில் உண்டு என அது கண்டறிந்தது. அவற்றுள் ஒரு வகையைச் செயற்கையாக அழித்தபோது புதிய தசை உருவாவது குறைந்தது. அதாவது, தழும்பை இடும் செல்களில் சில, தசை வளர்ச்சிக்குத் துணையாகவும் நிற்கின்றன.

தழும்பு உருவாக்கத்தில் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் நேரடிப் பங்கு இருப்பது 2020-இல் தெரியவந்தது. இறந்த செல்களை விழுங்கி அகற்றும் மேக்ரோபேஜ் செல்களே கொலாஜனையும் சுரக்கின்றன என 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஆக்ஸ்ஃபோர்டு குழு தெரிவித்தது. அச்செல்களில் கொலாஜன் தொடர்பான மரபணுக்களை முடக்கியபோது மீனின் தழும்பு குறைந்தது. துப்புரவுப் பணியாளராக மட்டுமே கருதப்பட்ட செல், கட்டுமானப் பணியிலும் ஈடுபடுவது இதன்மூலம் உறுதியானது.

தழும்பு கரைவது எவ்வாறு?

தழும்பு நீங்க இரண்டு செயல்கள் நிகழ வேண்டும். புதிய கொலாஜன் சேர்வது நிற்க வேண்டும். ஏற்கெனவே படிந்தது சிதைக்கப்பட வேண்டும்.

முதல் செயலைப் பற்றிய தெளிவு, நாடியா மெர்காடேர் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. தழும்பு மறையும்போது ஃபைப்ரோபிளாஸ்ட்களும் மடிந்துவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அவற்றில் ஒரு பகுதி இதயத்திலேயே தங்கிவிடுகிறது. கொலாஜன் சுரப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஏறக்குறைய பழைய அமைதி நிலைக்குத் திரும்புகிறது என அக்குழு கண்டது. கொலாஜன் சுரக்கும் செல்களை முன்கூட்டியே அழித்தபோது தசைச் செல்களின் பெருக்கம் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

மனித இதயத் தழும்பில் இந்த 'அணைப்பு' முழுமையாக நிகழ்வதில்லை. தழும்பு பலகாலம் நீடிப்பதுடன், அதைச் சுற்றியுள்ள நலமான தசையிலும் நார்ப் படிவு பரவலாம்.

இரண்டாவது செயலில் கொலாஜனைத் துண்டாக்கும் நொதிகளும் மேக்ரோபேஜ்களும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, மேக்ரோபேஜ்களில் ஒரு பிரிவு தழும்பு படிவதற்கும், மற்றொரு பிரிவு பின்னர் அது கரைவதற்கும் உதவுகிறது. எந்தப் பிரிவு எப்போது வருகிறது என்பது மாறினால், தழும்பின் முடிவும் மாறுகிறது.

உறவினங்களிடையே இரு வேறு முடிவுகள்

எல்லா மீன்களுக்கும் இந்தத் திறன் இல்லை. ஜப்பானின் நெல் வயல்களில் காணப்படும் மெடாகா மீன், அளவிலும் வாழ்விடத்திலும் வரிக்குதிரை மீனை ஒத்தது. ஆனால், அதன் இதயத்தில் உருவாகும் தழும்பு நிலைத்துவிடுகிறது.

இந்த இரண்டு மீன்களையும் ஒப்பிட்டு, ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2017-இல் 'இலைஃப்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெடாகா மீனின் காயத்துக்கு மேக்ரோபேஜ்கள் தாமதமாகவும் குறைவாகவும் வருகின்றன. அழற்சியின் முதற்கட்டத்தில் வரும் நியூட்ரோஃபில் செல்கள் உரிய நேரத்தில் அகல்வதில்லை. வரிக்குதிரை மீனில் மேக்ரோபேஜ்களின் வருகையைத் தாமதப்படுத்தியபோது அதன் மீட்சித் திறன் குன்றியது. நோய் எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் பொருளை மெடாகாவுக்குச் செலுத்தியபோது, புதிய ரத்த நாளங்கள் உருவாகி, தசைப் பெருக்கமும் தழும்பு கரைவதும் மேம்பட்டன. சில நாள் தாமதமே நிரந்தரத் தழும்புக்கும் முழு மீட்சிக்கும் இடையே நிற்கக்கூடும் என்பது இதன் பொருள்.

மெக்சிகோவின் ஆறுகளில் வாழும் ஒரு மீனினம் மற்றொரு சான்று. அதன் ஆற்று வகை இதயத்தை மீண்டும் வளர்க்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த, இருண்ட குகைகளில் வாழ்ந்து பார்வையை இழந்த பச்சோன் குகை மீன்களில் தழும்பு நிரந்தரமாகிவிடுகிறது. ஒரே இனம் என்பதால் இரண்டையும் இனக்கலப்பு செய்து, இந்தத் திறனோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளைத் தேட முடிகிறது. இதுகுறித்த ஆய்வு 2018-இல் 'செல் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியானது.

புனே ஆய்வகத்தின் பங்களிப்பு

இந்தியாவில், மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் கீழ் தன்னாட்சியாகச் செயல்படும் புனேயின் அகார்கர் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் ஈடுபட்டுள்ளது. அங்கு சின்மோய் பாத்ராவின் குழு, ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 2021-இல் 'டெவலப்மென்ட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது.

காயமடைந்த பகுதியில், இதய உள்ளுறைச் செல்களில் சி.சி.என்.2ஏ என்ற மரபணு தூண்டப்படுவதை அக்குழு கண்டறிந்தது. இயல்பான மீனில், காயத்துக்குள் வளரும் புதிய ரத்த நாளங்களை ஒட்டியே தசைச் செல்கள் உள்ளே நகர்கின்றன. இந்த மரபணு இல்லாத மீன்களில் ரத்த நாளங்கள் வழக்கம்போல் உருவாயின. ஆயினும், தசைச் செல்கள் போதிய அளவில் பெருகவும் இல்லை. காயப் பகுதியை நிரப்பவும் இல்லை. மரபணுவின் செயலைக் கூட்டியபோது, தசைப் பெருக்கம் அதிகரித்ததுடன், படிந்த கொலாஜன் நீங்குவதும் மேம்பட்டது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. பாலூட்டிகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த புரதம் பொதுவாக நார்ப் படிவைத் தூண்டுவதாகவே அறியப்படுகிறது. மீனிலோ அது தழும்பு கரைவதற்குத் துணை செய்கிறது. ஒரு மூலக்கூறை 'நல்லது', 'கெட்டது' என வகைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. இந்தச் செயல்பாட்டிலும் டி.ஜி.எஃப்-பீட்டா சமிக்ஞைப் பாதைக்குப் பங்கு உண்டு என ஆய்வு தெரிவிக்கிறது.

மனிதர்களுக்கு எப்போது பயன்படும்?

பாலூட்டிகளுக்கும் இந்தத் திறன் முற்றிலும் அந்நியமானது அல்ல. பிறந்து ஒரு நாளே ஆன சுண்டெலிக்குட்டியின் இதயத்தில் ஒரு பகுதியை நீக்கினால் அது மீண்டும் வளர்கிறது என 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஏழாம் நாளில் அந்தத் திறன் மறைந்துவிடுகிறது. அதன்பின் தழும்பே மிஞ்சுகிறது.

தழும்பைப் பின்னாளில் குறைக்கும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் 'கார்-டி' செல் முறையைத் தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு எதிராகத் திருப்பி, சுண்டெலிகளின் இதய நார்ப் படிவைக் குறைத்துள்ளனர். 2022-இல், எம்.ஆர்.என்.ஏ தொழில்நுட்பத்தின் மூலம் அத்தகைய செல்களை எலியின் உடலுக்குள்ளேயே தற்காலிகமாக உருவாக்கிக் காட்டினர்.

எனினும், மீனில் இருந்து மனிதனுக்கான தொலைவு சிறிதல்ல. மனித இதயத்தில் அழுத்தம் மிக அதிகம். மீனின் தசைச் செல்கள் எளிதில் பிரியக்கூடியவை; மனிதரின் முதிர்ந்த தசைச் செல்களில் பெரும்பாலானவை மரபுப்பொருளை இரட்டித்துக்கொண்டு, பிரியும் திறனை இழந்தவை. ஆகவே, தழும்பை மட்டும் கரைத்தால் போதாது. அதன் இடத்தை நிரப்பப் புதிய தசை இல்லாவிட்டால், எஞ்சுவது பலவீனமான சுவரே. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நிகழ்த்தும் மருந்து எதுவும் இப்போது பயன்பாட்டில் இல்லை.

அதுவரை, இதயத் தசையைக் காப்பதற்கான முதன்மை வழி, அடைபட்ட தமனியை விரைந்து திறப்பதுதான். நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, இடது கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இழக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் தசை இறக்கிறது. இறந்த தசை தழும்பாகிறது.

கங்கைப் படுகையின் சிறு மீன், தழும்பைத் தவிர்ப்பதால் குணமடைவதில்லை. முதலில் அதை அனுமதித்து, காயத்தைத் தாங்கவைத்து, தசை தயாரானதும் சரியான வேளையில் அகற்றுவதால் குணமடைகிறது. அந்த வேளையைத் தீர்மானிக்கும் சமிக்ஞைகளை மனித இதயத்தில் எவ்வாறு எழுப்புவது என்பதே ஆய்வாளர்களின் முன் நிற்கும் அடுத்த கேள்வி.